கோடு மூடாத இடம்

1

இந்தக் கதை ஒரு கறையில் தொடங்கியது.

மாநகரத்துக்கு எதிரே, படகில் ஏறி உட்கார்ந்து நாலு கொட்டாவி விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற ஒரு சின்னத் தீவு. அங்கே 'எல்லைகளைக் கடக்கும் எழுத்து' என்று ஒரு கருத்தரங்கம் நடத்தினார்கள். எல்லை என்பதே மனத்தின் கற்பனை என்று ஆளுக்கு ஆள் முழங்கினோம். நானும் என் பங்குக்கு முழங்கினேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்காதவர்கள் உள்ளே வராதபடி வாசலில் ஒரு காவலாளி பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது படகுத்துறையில் காத்திருந்தேன். சுவரில் பெரிதாக ஒரு வரைபடம்: 'தீவுப் பாதுகாப்புத் திட்டம், ஒப்புதல் பெற்ற படம்.' கடல் உள்ளே வராமல் தீவைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்பப் போகிறார்களாம். பச்சை நிறம் சுவருக்கு உள்ளே, நீல நிறம் வெளியே. தீவின் மேற்கு ஓரத்தில் மட்டும் நீலம் ஒரு கட்டைவிரலை நீட்டிப் பச்சைக்குள் அழுத்தியிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"இது என்ன, வளைகுடாவா?" என்று டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேன்.

"வளைகுடாவா? அது வீடுங்க. ஒரு வரிசை வீடு. படம் போடும்போது நீலம் உள்ள கசிஞ்சிடுச்சு."

"அப்புறம் திருத்தலையா?"

"எதை? படத்தையா, வீட்டையா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தார்.

சிரித்தேன். அவரும் சிரித்தார். படகு நடுவழிக்கு வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். தீவின் மேற்கு ஓரத்தில் சில விளக்குகள். அவை வீட்டில் எரிகின்றனவா, தண்ணீரில் விழுந்த வெளிச்சமா என்று சொல்ல முடியவில்லை.

அந்த வீடுகளுக்கு நான் போகவில்லை. படகு வந்துவிட்டது, ஏறிவிட்டேன். ஆகவே இனி வருவதெல்லாம் நானே வரைந்தது. நேரில் போகாமல் வரைந்த ஆட்களின் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

'அன்று கடல் அமைதியாக இருந்தது.' (எல்லாக் கதையிலும் முதல் வரியில் கடல் அமைதியாகத்தான் இருக்கும். அடித்துவிட்டேன்.)

'அவள் வாசல் கதவைத் திறந்தபோது எதிரே' (எதிரே என்ன இருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது. இப்போது தெரியும். தெரிந்த பிறகு எழுதக் கை வரவில்லை.)

'டிராஃப்ட்ஸ்மேன் பயந்துபோனாள்.'

இதை வைத்துக்கொண்டேன். ஆணா பெண்ணா என்ற குழப்பம் என்னுடையது இல்லை, அலுவலகத்தினுடையது. மாநகரத்தில் இருக்கும் தீவு மேம்பாட்டு அலுவலகத்தில் படம் வரைகிறவரின் பதவிப் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். அந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தும் ஆண்டுகள் ஓடிவிட்டன. பெயர்ப்பலகையை மாற்றக் கோப்பு போயிருக்கிறது. அதுவரை எல்லோரும் அவளை 'டிராஃப்ட்ஸ்மேன் மேடம்' என்கிறார்கள்.

முதல் வரைவில் அவளுக்கு வீடு மாநகரத்தில், அடுக்குமாடியில். நீலம் கசிந்தது யாரோ முன்பின் தெரியாதவர்கள் வீட்டின் மேல். அப்படி எழுதிப் பார்த்தேன். தவறைக் கண்டதும் அவள் "அடடா" என்றாள், பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டாள். எவ்வளவு மிரட்டியும் அவளைப் பயப்பட வைக்க முடியவில்லை. கடைசியில் அவள் வீட்டைப் பெயர்த்தெடுத்துத் தீவுக்குக் கொண்டுபோய், சரியாக அந்த நீலத்துக்குள் வைத்தேன். ஒரே வரியில் வேலை முடிந்தது. அவளிடம் கேட்கவில்லை. மறந்துவிடாமல் இருக்க ஓரத்தில் குறித்தும் வைத்தேன்: (வீடு, மேற்குச் சந்தில், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் வரிசையில், கடைக்கு நேரெதிரே

3

அந்த வீட்டின் கூடத்தில், நட்ட நடுவில், ஓர் இரும்பு பீரோ நிற்கிறது.

சுவரோரம் நிற்க வேண்டிய பீரோ நடுவில் வந்து நின்றதற்கு அவள் புருஷன் காரணம். அவனுக்குக் கப்பலில் வேலை. கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் அவன் தங்கை திரும்பி வந்து, முன்வாசலுக்குப் பக்கத்தில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரு நாள் ஆகாமல் போகும், ஒரு நாள் அறவே ஆகாது. அவன் கப்பலேறும் முன் பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினான்.

"இந்தப் பக்கம் உனக்கு. அந்தப் பக்கம் அவளுக்கு. ரெண்டு பேரும் என்னை விட்டுடுங்க."

பீரோவின் கதவு நாத்தனார் பக்கம் திறக்கும். சாவி அண்ணியிடம் இருக்கும். ஒருத்தி சம்மதிக்காமல் இன்னொருத்தி ஒரு ரவிக்கைகூட எடுக்க முடியாது. உலகத்துத் தூதர்கள் எல்லாம் கூடிப் பேசினாலும் இதைவிட உறுதியான ஒப்பந்தம் போட்டிருக்க முடியாது.

"என்ன அண்ணி, பீரோ ஒரு விரக்கடை என் பக்கம் வந்திருக்கு? தானா நடந்து வந்துச்சா?"

"கூட்டும்போது இடிச்சிருக்கும்."

"கூட்டுறதே என்னிக்கோ ஒரு நாள். அன்னிக்கும் நாடு பிடிக்கணுமா?"

"ஒரு விரக்கடை இடத்துல நீ என்ன கோட்டையா கட்டப் போற?"

"ஊருக்கே கோடு போடுறவங்களுக்கு வீட்டுக்குள்ள ஒரு கோட்டை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல பாருங்க!"

சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை.* இந்தச் சண்டை ஆரம்பித்ததும் கடைக்காரர் தன் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். பாட்டைவிட இது நன்றாயிருக்கிறது என்பது அவர் கட்சி.

* நூல், சோப்பு, பல்பு, பொத்தான் விற்கிற கடை. கடைக்காரர் நல்லவர். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

4

அந்த நீலம் எப்படிக் கசிந்தது?

கணினியில் படம் வரைகிறவர்களுக்கு ஒரு குட்டி வாளி உண்டு. கோட்டால் முழுக்கச் சூழ்ந்த இடத்தில் வாளியைக் கவிழ்த்தால் அந்த இடம் மட்டும் நிறம் பிடிக்கும். கோட்டில் எங்காவது மயிரிழை அளவு இடைவெளி இருந்தால் போச்சு. நிறம் அந்த வழியாக நழுவி உள்ளே புகுந்து, அடுத்த கோடு எங்கே தடுக்கிறதோ அதுவரை பரவிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில் கண் நிறையக் கடல் வந்துவிடும்.

அவள் தீவின் கரையைக் கோடாக இழுத்துக்கொண்டே வந்தாள். தன் வீட்டுப் பின்புறம் வந்ததும் கை தானாக நின்றது. அங்கே அலையைத் தடுக்கும் பழைய கல்தடுப்பு ஒன்று உண்டு. அதன் மேல்தான் வீட்டுத் துணிகளைக் காயப்போடுவாள். தன் வீட்டைத் தானே வரைகிறோமே என்று ஒரு சிரிப்பு. சுட்டியிலிருந்து விரலை எடுத்து, மறுபடி வைத்துத் தொடர்ந்தாள். எடுத்த இடத்துக்கும் வைத்த இடத்துக்கும் நடுவில் அந்த மயிரிழை. பிறகு கடலில் வாளியைக் கவிழ்த்தாள். நீலம் கல்தடுப்பைத் தாண்டி, வீடுகளை மூடி, சந்தின் நடுக்கோட்டில் போய் முட்டி நின்றது. அதற்குள் அலுவலகத்தின் இயக்குநர் படத்தைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். அவள் பார்க்கவில்லை.

பார்த்தது கூட்டத்தில். பெரிய திரையில் தீவு மிதந்துகொண்டிருந்தது. நடுவில் இயக்குநர். அவர் எதையும் காட்டுவதற்கு முன் கண்ணை மூடித் திறப்பார்.

"இந்த வளைவைப் பாருங்க," என்று அவர் கோலால் தொட்டது அவள் வீட்டை. "இது சும்மா வளைவு இல்ல. நிலம் கடலைக் கூப்பிடுது. கடல் வருது. எல்லைங்கிறது ஒரு உரையாடல்!"

நீளமேசை முழுக்கத் தலையாட்டியது. ஒருவர் "ஆஹா" என்றார். அவள் திரையைப் பார்த்தாள். சந்து தெரிந்தது. சந்துக்கு மேற்கே தெரிய வேண்டியது எதுவும் தெரியவில்லை. வழவழவென்று நீலம். அவள் வாயைத் திறந்தாள். கைதட்டல் கேட்டது. மூடிக்கொண்டாள்.

அந்தக் கைதட்டலுக்குள்ளேயே ஒப்புதல் கையெழுத்தும் முடிந்துவிட்டது.

5

முதலில் துறைமுகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். கையில் உயிர்காப்பு மிதவைகள்.

விதிப்படி தண்ணீரில் நிற்கும் பொருள்கள் இரண்டே வகை. ஒன்று கலம். மற்றது இடையூறு. இடையூறு என்றால் அகற்றுவார்கள். கலம் என்றால் எண் போடுவார்கள். சந்தின் மேற்கு வரிசைக்காரர்கள் கூடிப் பேசி, இடையூறாக இருப்பதற்குக் கலமாகவே இருந்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

"நங்கூரம் இருக்கா?" என்று ஆய்வாளர் நாத்தனாரைக் கேட்டார்.

"தையல் மெஷின் இருக்கு. தூக்கிப் பாருங்க, கனமாத்தான் இருக்கும்."

எழுதிக்கொண்டார்.

"கலத்துக்குப் பொறுப்பு யாரு?"

"எங்க அண்ணன். அவன் இந்தக் கப்பலைத் தவிர மத்த எல்லாக் கப்பலையும் பாத்துக்கறான்."

அதையும் எழுதிக்கொண்டார். வெளிச்சுவரில் ஓர் எண் எழுதினார். உள்ளே அசையாத பொருள் ஒன்றின் மேலும் அதே எண்ணை எழுத வேண்டுமாம். அந்த வீட்டில் பீரோவைவிட அசையாத பொருள் ஏது? அதன் பக்கவாட்டில் நீலச் சாயத்தில் எண் ஏறியது. சந்து முழுக்க அன்று சிரித்தது. குழந்தைகள் மிதவையை மாட்டிக்கொண்டு தெருவில் நீந்தினார்கள்.

பிறகு தெருவிளக்கைக் கழற்ற ஆள் வந்தான். "தண்ணிக்குள்ள கரண்டு இருக்கக் கூடாதும்மா" என்று பரிவோடு சொன்னான். அவன் நின்றிருந்த இடத்தில் புழுதி பறந்தது. தபால்காரர் கடையோடு திரும்பினார். யாரும் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. எல்லோரும் மேற்கு வரிசையின் முன்னால் வந்ததும் ஈரத்தில் கால் வைக்கப் போகிறவர்களைப் போல் ஒரு கணம் தயங்கி, வேட்டியையோ கால்சட்டையையோ லேசாகத் தூக்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகு சந்தில் சிரிப்பு இல்லை.

டிராஃப்ட்ஸ்மேனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. கட்டிலிலிருந்து இறங்குமுன் ஒற்றைக் கால்விரலை மட்டும் தரையில் வைத்துப் பார்ப்பாள். காய்ந்த தரைதான். ஆனாலும் விரல் சில்லென்று சுருங்கும். ஒரு நாள் விடியற்காலையில் அப்படி விரலை வைத்தபோது பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"காஞ்சுதான் இருக்கு அண்ணி. நான் இப்பத்தான் பாத்தேன்."

6

அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள்.

(இந்தப் பகுதியை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். அவள் தவறை ஒப்புக்கொள்கிறாள், அவர் அவளை வேலையிலிருந்து துரத்துகிறார். எழுதி முடித்ததும் எனக்கே ஆறுதலாக இருந்தது. ஒருவரைத் துரத்துகிற அலுவலகம், தவறு நடந்தது என்பதையாவது நம்புகிறது. கிழித்துவிட்டேன்.)

"சார், அது வளைவு இல்ல. என் தப்பு. கோடு மூடல, நீலம் கசிஞ்சிடுச்சு."

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"நல்லது. உட்காருங்க மேடம். ஏன் பதறுறீங்க? ஒப்புதலான படம் தப்பாகாது. படத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் இருந்தா, தரை இன்னும் படத்துக்கு வந்து சேரலைன்னு அர்த்தம்."

"அங்க ஜனங்க இருக்காங்க சார். நானே அங்கதான் இருக்கேன்."

"அப்படியா! சொல்லவே இல்லையே." அவர் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "நல்ல காத்து வரும்."

அவள் எழுந்திருக்கவில்லை. அவருக்கும் அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். மேசையில் படத்தை விரித்து விளக்கினார்.

"இந்தக் கல்தடுப்பு இருக்கு பாருங்க. படப்படி அது கடலுக்குள்ள கிடக்குற இடிபாடு. அதைப் பெயர்த்துட்டு வந்துதான் புதுச் சுவருக்கு அஸ்திவாரம் போடுறாங்க. வீண் செலவே இல்ல. சுவர் சந்து நடுவால வரும். மழைக்காலப் பெருக்கு ஒண்ணு வந்து போகட்டும். அப்புறம் போய்ப் பாருங்க, உங்க படம் அச்சு அசலா இருக்கும். பொய் சொல்லல மேடம் உங்க படம். கொஞ்சம் முந்திச் சொல்லிடுச்சு. அவ்வளவுதான்."

அவள் வெளியே வந்தபோது கதவு தானாக மூடிக்கொண்டது. நன்றாகப் பொருத்தப்பட்ட கதவு. மயிரிழை இடைவெளிகூட இல்லை.

7

தன் மேசைக்குப் போய் அந்த இடைவெளியை மூடிப் பார்த்தாள். கோட்டின் இரு நுனிகளையும் இழுத்து ஒட்டவைத்தாள். நீலம் போகவில்லை. கசிந்த பிறகு அடைத்தால், கசிந்தது உள்ளேயே தங்கிவிடும். கடலிலிருந்து துண்டான ஒரு நீலக் குட்டை, நாலு பக்கமும் கோட்டோடு, அவள் வீட்டின் மேல் நின்றது. முன்னைவிட அது கொடுமையாக இருந்தது. சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றாள். எப்படியும் சேமித்திருக்காது, பூட்டிய கோப்பு.

8

சுவர் சந்தின் இரண்டு முனைகளிலிருந்தும் வளர்ந்துகொண்டு வந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே. பின்புறத்தில் கல்தடுப்பைப் பெயர்த்து, கற்களைத் தள்ளுவண்டியில் வீட்டு ஓரமாகவே உருட்டிப் போனார்கள். ஒவ்வொரு கல்லும் போகப்போகப் பின்பக்கம் அலைச்சத்தம் கூடியது. வண்டி போய்வர, டிராஃப்ட்ஸ்மேன் வீட்டுக்கு நேரெதிரே மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். அதுவும் மறுநாள் அடைபடும். அடைத்த பிறகு மேற்கு வரிசைக்கு முன்னால் சுவர், பின்னால் கடல்.

சாயங்காலம் அவள் பீரோவைச் சுற்றிக்கொண்டு நாத்தனார் பக்கம் போனாள். அப்படிப் போவது அதுதான் முதல் தடவை. நாத்தனார் மெஷினை நிறுத்தினாள்.

"நான்தான் பண்ணேன்" என்றாள் அண்ணி. எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, கோடு, கைதட்டல்.

நாத்தனார் வாயில் கவ்வியிருந்த நூலை எடுத்தாள். இந்த இடத்தில் அவளை நான் அழ வைக்கப் பார்த்தேன். அழமாட்டேன் என்றுவிட்டாள். கத்தவாவது வைக்கலாம் என்று பார்த்தேன்.

"எவ்ளோ இடைவெளி விட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணுக்கே தெரியாது. மயிரிழை."

"அந்த மயிரிழையில ஒரு கடலே வந்துச்சு. ஒரு பீரோ அளவு இடைவெளி இருந்தா நாம வர முடியாதா?"

இருவரும் பீரோவின் இரண்டு பக்கமும் நின்று தள்ளினார்கள். அது இடம் மாறிய சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. வாசற்படியில் இறக்கி, சுவரின் இடைவெளியில், கதவு ஊர்ப் பக்கம் பார்க்கும்படி நிறுத்தினார்கள். நாத்தனார் பின்தகட்டின் திருகுகளைக் கழற்றித் தகட்டை எடுத்துவிட்டாள். இப்போது பீரோவுக்குப் பின்னால் நுழைந்து, தொங்கும் புடவைகளை விலக்கி, கதவைத் தள்ளினால் எதிர்க்கடைக்கு முன்னால் இறங்கலாம்.

காலையில் மேஸ்திரி வந்தார். "பீரோவை எடும்மா."

"எடுக்கக் கூடாதுங்க. இது கலத்தோட பாகம். எண் போட்டிருக்கு, பாருங்க. தொடணும்னா துறைமுகத்துல எழுதி வாங்கிட்டு வாங்க."

மேஸ்திரி எண்ணைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். இயக்குநர் சுவரைப் பார்க்க வருவதற்குள் வேலை முடிய வேண்டும். பீரோவின் இரண்டு பக்கமும் மேலேயும் கல்லை அடுக்கிப் பூசிவிட்டுப் போய்விட்டார். இயக்குநர் வந்து, சுவருக்குள் பதிந்திருந்த பீரோவைக் கண்டு, கண்ணை மூடித் திறந்தார். "துணிச்சலான கற்பனை" என்றார். யாருடைய கற்பனை என்று கேட்கவில்லை.

9

இங்கே முடித்திருக்க வேண்டும். மேற்கு வரிசை ஜனங்கள் வேலைக்கும் கடைக்கும் அந்த பீரோ வழியாகப் போய் வருகிறார்கள். பெரியவர்கள் நுழையும்போது தலைமேல் நாத்தனாரின் புடவை ஒன்று படிந்து அவிழ்கிறது. அண்ணியும் நாத்தனாரும் நடுவில் ஒன்றும் இல்லாத கூடத்தில் உட்கார்ந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்க்கிறார்கள். வாசகர் சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடியிருப்பார்.

ஆனால் நான் கதையில் ஒரு கடைக்காரரை வைத்திருக்கிறேன். அவர் சும்மா இருக்க மாட்டேன் என்கிறார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு பிற்பகல். பின்கட்டில் தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. கடைக்காரர் பீரோவின் முன்னால் வந்து நின்று, கதவில் மெல்லத் தட்டினார். யாரும் தட்டாமல் போய்வருகிற கதவு அது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதே. இந்தக் கதவை எங்க பக்கத்துலேர்ந்து பூட்டி வெச்சுக்கட்டுமா?"

"ஏண்ணே?" என்றாள் நாத்தனார்.

"நீங்க வர்ற வழியிலதானம்மா அதுவும் வரும்."

'அது' என்றார். கடல் என்று சொல்லவில்லை.

"எங்க பக்கத்துல எல்லாரும் பேசிட்டாங்க. உடனே கல்லு வெச்சு அடைச்சிடலாங்கறாங்க. நான்தான் வேணாம், பூட்டினா போதும்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுல குழந்தை இருக்கும்மா. சாவியைக் குடுத்து வையுங்க."

"அப்ப நாங்க?"

"தட்டுங்க. தொறக்காம இருப்பேனா? எத்தனை வருஷப் பழக்கம்!"

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. சொல்லும் நேரத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அண்ணிக்கு இயக்குநரிடம் வராத பயம் இந்த நல்ல மனிதரிடம் வந்தது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்க இஷ்டம் அண்ணி. சாவி எப்பவும் உங்களோடது."

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. சாவியைக் கொடுக்கிறாள். பெருக்கு வருகிறது. தட்டுகிறார்கள். கடைக்காரர் ஓடி வந்து திறக்கிறார். (எனக்கு இது பிடிக்கும். எழுதும்போது மட்டும் பேனா வழுக்குகிறது.)

ஆ. சாவியைக் கொடுக்கிறாள். பெருக்கு வருகிறது. தட்டுகிறார்கள். எதிர்ப்பக்கம் வானொலியின் சத்தம் கூடுகிறது.

இ. சாவியைக் கொடுக்கவில்லை. விடிவதற்குள் பீரோவின் முன்னால் முதல் கல்லை வைக்கிறவர் கடைக்காரர் இல்லை, அவருடைய

(வேண்டாம்.)

10

அலுவலகம், இயக்குநர், மேஸ்திரி, கடைக்காரர் எல்லோரையும் கேலி செய்தாயிற்று. மீதம் இருப்பது நானும் நீங்களும்தான்.

இரண்டாம் பகுதியில் அந்த வீட்டின் இடத்தைக் குறிக்க ஓர் அடைப்புக்குறியைத் திறந்தேன். மூடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, என் கையும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றிருக்கும். படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பின் மூன்று குறிகளைத் திறந்து ஒழுங்காக மூடியிருக்கிறேன். அந்த ஒன்று மட்டும் இன்னும் வாயைப் பிளந்து நிற்கிறது. அன்றிலிருந்து எழுதியதெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது: வீடு, சந்து, பெயர்த்தெடுத்த கற்கள், கறுத்த வானம், இந்த வரி. நீங்களும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் பச்சையா நீலமா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஒற்றை விரலைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

மூடுவது பெரிய வேலை இல்லை. ஒரு வளைகோடு. பென்சிலால் நீங்களே போடலாம். போட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிடும், உங்கள் பக்கம் ஈரம் வராது. ஆனால் மூடியதைத் திறக்கச் சொல்லி உள்ளேயிருந்து அந்த இரண்டு பெண்களால் கேட்க முடியாது. போடாவிட்டால் அவர்கள் வந்துவிடலாம். அதுவும் வந்துவிடலாம். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போனதுகூட இல்லை.

அச்சகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தக் குறியைத் தொடவேண்டாம், படிக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று. சாவி உங்களிடம் இருக்கிறது. பீரோவின் கதவு உங்கள் பக்கம்தான் திறக்கும்.

தட்டுகிறார்கள். முதலில் ஒரு கை, பிறகு இரண்டு கை. உங்கள் பக்கத்தில் ஒரு வானொலி இருந்தால், அதன் சத்தத்தை இப்போது